காம்ப்ரிஹென்சிவ் வைவா: மங்கிய சிக்னல் எங்கே போனது?

நேற்று மாலை முடிவு வந்தது, பாஸ் ஆகிவிட்டேன். ஆறு மாதத்துக்கு முன் இதே வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். படபடப்பு இன்னும் முழுதாக அடங்கவில்லை. என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) வைத்துப் புரதத் திரட்சியை, அதாவது புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதைப் படிக்கிறவர்கள் அடுத்த சுற்றில் இருப்பீர்கள், உங்களுக்காகத்தான் இது.

முதல் தடவை நான் விழுந்தது ஒரே கேள்வியில். பார்கின்சன் நோயில் திரளும் ஆல்ஃபா சைனூக்ளின் புரதத்தின் இரண்டு எச்.எஸ்.க்யூ.சி. படங்கள் (அமினோ அமிலங்களின் N–H பிணைப்புகள் பீக்குகளாக, அதாவது சிக்னல் புள்ளிகளாகத் தெரியும் என்.எம்.ஆர். படம்). இரண்டாவதில் திரட்சியைத் தடுக்கும் பச்சைத் தேயிலைப் பொருளான இஜிசிஜி சேர்த்திருந்தது, பீக்குகள் மங்கியிருந்தன. "தடுப்பான் ஒட்டிக்கொண்டது, வேலை செய்கிறது" என்றேன். "ஃபிப்ரில் உருவானாலும் இப்படித்தானே மங்கும்? எப்படிப் பிரிச்சுச் சொல்வீங்க?" என்று கேட்டார்கள். ஃபிப்ரில் என்பது புரதம் திரண்டு உருவாகும் நீள இழை. என்னிடம் பதில் இல்லை.

கரைசல் என்.எம்.ஆருக்கு வேகமாகச் சுழலும் மூலக்கூறுதான் நன்றாகத் தெரியும். மோனோமர் (தனி மூலக்கூறு) போய் ஃபிப்ரிலில் சேர்ந்ததும் சுழற்சி மந்தமாகி, பீக் அகன்று பேஸ்லைனில் கரைந்துவிடும். தடுப்பான் மோனோமரை அப்படியே காப்பாற்றினால் சிக்னல் நாள் கடந்தும் நிற்க வேண்டும். இஜிசிஜி அந்த வகை இல்லை. ஃபிப்ரிலாக மாறாத பெரிய ஒலிகோமர்களாக (பல மூலக்கூறுகள் சேர்ந்த கொத்துகளாக)ப் புரதத்தைத் திருப்பிவிடுகிறது, அதுவும் சிக்னலைத் தின்னும். மோனோமர் இரண்டு நிலைகளுக்கிடையே நடுத்தர வேகத்தில் மாறி மாறிப் போய் வந்தாலும் (நடுத்தர வேகப் பரிமாற்றம்) சிக்னல் மங்கும். ஆக ஒரே மங்கலுக்கு மூன்று காரணம். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி வைவா முடிந்தது என்பேன்.

கைவசம் இருக்க வேண்டியவை:

- ஆல்ஃபா சைனூக்ளினில் 140 அமினோ அமிலம், திரட்சிக்கு மையமான நாக் (NAC) பகுதி 61–95. ஐந்து புரோலினுக்கும் (N–H இல்லாத அமினோ அமிலம்) பீக் வராது, ஏன் என்று கேட்பார்கள்.
- ஃபிப்ரிலில் ஒட்டினால் ஒளிரும் சாயமான தயோஃப்ளேவின் டி-யின் ஒளிர்வு குறைந்ததை மட்டும் வைத்துத் தடுப்பான் என்று சொல்லாதீர்கள். தடுப்பான் சாயத்தின் இடத்தைப் பிடித்திருக்கலாம், ஒளிர்வை அணைத்திருக்கலாம்.
- கண்ணுக்குத் தெரியாத பெரிய திரளோடு மோனோமர் மாறி மாறி ஒட்டுவதைப் பார்க்க டெஸ்ட் (DEST) என்ற என்.எம்.ஆர். முறை. 2011இல் அல்சைமர் நோயோடு தொடர்புள்ள அமிலாய்டு பீட்டா புரதத்தில் காட்டியது.
- ஃபிப்ரிலின் அமைப்புக்குத் திண்ம நிலை என்.எம்.ஆர்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. தனியாக உட்கார்ந்து தினம் ஒரு நிறமாலையைக் கையால் வரைந்தேன்: தடுப்பான் இல்லாமல், சேர்த்து, ஒரு நாள் கழித்து. நிதானமாகப் பேசுகிறவர்களுக்கு இது நிச்சயம் உதவும்.

இந்த முறையும் அதே மாதிரிப் படம்தான் வந்தது. "முதலில் ஒப்பீட்டுக்காகச் சேர்த்த டிஎஸ்எஸ் பொருளின் பீக் குறைந்திருக்கிறதா பார்ப்பேன், குறைந்திருந்தால் கருவியைச் சந்தேகிப்பேன். அப்புறம் மாதிரியை மையவிலக்கில் சுற்றி, மேலே நிற்பதையும் கீழே படிந்ததையும் தனித்தனியாக அளந்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பேன்" என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள்.