எம்சி எத்தனை நாள்?

வேலையிட விபத்துக் கணக்கு வெளியாகும்போதெல்லாம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் "கூடிருச்சு", "இல்ல, குறைஞ்சிருச்சு" என்று ஒரு நாள் பூரா சண்டை ஓடும். கட்டுமானத் தளங்களில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறவன் என்பதால் எனக்கு முதலில் தோன்றுவது வேறு: இந்தக் கணக்கை எழுதிக் கொடுத்தது யார்?

அநேகமாக எல்லா ஊரிலும் முதலாளிதான். அமெரிக்காவில் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை ஆண்டுதோறும் இரண்டு லட்சம் நிறுவனங்களுக்கு மேல் படிவம் அனுப்பிக் கேட்கிறது. நிறுவனம் தன் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தால்தான் அங்கே காயம் காயமாகும். மரணங்களுக்கு மட்டும் இந்தப் படிவத்தை நம்புவதில்லை. இறப்புச் சான்றிதழ், இழப்பீட்டுக் கோப்பு, பத்திரிகைச் செய்தி என்று பல பக்கம் ஒப்பிட்டுப் பார்த்து 1992லிருந்து நாடு முழுக்கத் தனியாக எண்ணுகிறார்கள்.

நம் சிங்கப்பூரில் மனிதவள அமைச்சுக்கு முதலாளி கட்டாயம் தெரிவிக்க வேண்டும். ஆனால் எதைத் தெரிவிப்பது என்ற கோடு அவ்வப்போது நகர்ந்திருக்கிறது. 2020 செப்டம்பருக்கு முன்பு மூன்று நாளுக்கு மேல் எம்சி (டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருத்துவ விடுப்பு) போனாலோ, 24 மணி நேரமாவது மருத்துவமனையில் சேர்த்தாலோதான் அறிக்கை. அந்தக் காலத்தில் தளத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், விரல் நசுங்கிய தம்பி மறுநாளே கையில் கட்டோடு ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட்டையும் நட்டையும் ரகம் பிரித்துக்கொண்டிருப்பான். கேட்டால் "லைட் டியூட்டிண்ணே" என்பான். எம்சி இரண்டே நாள், ஆகவே கணக்கில் அவன் விரல் கிடையாது. கேட் பக்கம் 'விபத்தில்லா மணி நேரம்' என்று தொங்கும் பலகையில் எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும். காயம்பட்ட ஊழியருக்கு எம்சி குறைத்துக் கொடுத்ததற்காக ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான மருத்துவர்கள்கூட இங்கே உண்டு.

இப்போது ஒரு நாள் எம்சியோ லைட் டியூட்டியோ கொடுத்தாலே தெரிவித்தாக வேண்டும். நல்ல மாற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் 2020க்கு முந்தைய சிறு காயக் கணக்கையும் பிந்தையதையும் பக்கத்தில் வைத்து "கூடிருச்சு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. பழைய கணக்கோடு ஒப்பிடக் கொஞ்சமாவது நம்பிக்கையானது மரணக் கணக்குதான், ஏனென்றால் பிணத்தை ஸ்டோரில் உட்கார வைக்க முடியாது. நிக்கல் நெடுஞ்சாலை இடிந்த 2004இல் லட்சம் ஊழியருக்கு 4.9 மரணம், 2023இல் 36 பேர், விகிதம் 0.99; அடுத்த ஆண்டே 43 பேர், 1.2.

சரி, முதலாளி சொல்லாமல் விடுவது எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிரிட்டனில் இரண்டு பக்கமும் கேட்கிறார்கள். 2023/24இல் முதலாளிகள் தெரிவித்த, உயிர்ப்பலி இல்லாத காயங்கள் 61,663. வீட்டுக் கருத்தாய்வில் ஊழியர்களே சொன்னதை வைத்துக் கணித்தது 604,000. முதலாளி ஏழு நாளுக்கு மேல் வேலையைப் பாதித்த காயங்களையும் சில கடுமையான வகைகளையும்தான் சொல்ல வேண்டும், ஆக இந்த வித்தியாசம் முழுவதும் மறைப்பு இல்லை. அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், சொல்ல வேண்டியதில் கிட்டத்தட்டப் பாதிதான் வந்து சேர்கிறது என்பது அங்குள்ள பாதுகாப்பு ஆணையமே ஒப்புக்கொள்கிற விஷயம்.

இதையே இங்கே அப்படியே செய்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். போதாது. நம் ஊழியரணிக் கருத்தாய்வு வீடு வீடாகப் போவது. தங்குவிடுதிகளிலும் கட்டுமானத் தளங்களிலும் தங்கியிருப்பவர்கள் அதில் சேர்த்தியே இல்லை, அடிபடுகிற வேலையை அதிகம் செய்கிறவர்களோ அவர்கள்தான். ஆக விடுதிக்கே போய், ஞாயிற்றுக்கிழமை பார்த்து, தமிழிலும் வங்காளத்திலும் கேட்க வேண்டும். அதுவும் கம்பெனி ஆள் யாரும் பக்கத்தில் இல்லாமல், பெயர் கேட்காமல். ஒர்க் பர்மிட் முதலாளி கையில் இருக்கும்போது வேறெப்படி உண்மை வரும்? கேள்வியும் நிறைய வேண்டாம். போன 12 மாதத்தில் வேலையில் அடிபட்டதா, எத்தனை நாள் வலியோடு இருந்தீர்கள், எத்தனை நாள் எம்சி கொடுத்தார்கள். கடைசி இரண்டு பதிலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.