உருளைக்கிழங்கு மேயர்

நவம்பர் 3
மறுபடியும் ஹேசன் பிங்கிரீ, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மேயராக இருந்தவர். பூட்ஸ் தொழிற்சாலை முதலாளி, அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆண்டர்சன்வில் கைதி முகாமில் கிடந்தவர். 1889இல் டெட்ராய்ட் பணக்காரர்கள் தங்கள் ஆள் என்று நம்பித்தான் மேயர் நாற்காலிக்கு அனுப்பினார்கள். நம்பினார்களே!

நவம்பர் 4
430 ஏக்கர். ஏழைகள் பயிரிட பிங்கிரீ திரட்டிய நிலம். காலையிலிருந்து அதே எண்தான்.

நவம்பர் 6
1893இல் வங்கிகள் சரிந்தன, ஆலைகள் மூடின. அடுத்த கோடையில் பிங்கிரீ, வேலையிழந்தவர்கள் உருளைக்கிழங்கு பயிரிட, ஊரில் சும்மா கிடந்த மனைகளைக் கேட்டார். விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்டிருந்தவர்கள் இரவல் கொடுத்தார்கள். இதற்கென அமைந்த குழு உழுது, பரம்படித்து, குடும்பத்துக்குக் கால் முதல் அரை ஏக்கர் வரை முளையடித்துப் பிரித்தது. விதையும் தந்தது. பணம் போதாமல் மேயர் தன் குதிரையையே ஏலம் விட்டார்.

வேலை தொடங்கியபோது ஜூன். எனக்கு அடிவயிறு கலங்குவது இங்கேதான். உருளைக்கு மூன்று மாதத்துக்கு மேல் வேண்டும், அக்டோபரில் உறைபனி வந்துவிடும். விதைக்கிழங்கை இரண்டு கண் இருக்கும்படி நறுக்கி, வெட்டுவாய் காயவிட்டு நடவேண்டும். ஈரத்தோடு களிமண்ணில் புதைத்தால் முளைக்குமுன் அழுகும். அவசரத்தில் எத்தனை பேர் காயவிட்டிருப்பார்கள்? போதாததற்கு அந்தக் கோடையில் மழையும் பொய்த்தது. ஆனாலும் விளைந்தது. செலவு சுமார் 3,600 டாலர். விளைச்சலின் மதிப்பு அதைப்போலப் பல மடங்கு.

நவம்பர் 7
டிராம் விவகாரம் இன்று கொஞ்சம் தெளிந்தது. பழைய டிராம் கம்பெனி 5 சென்ட் கட்டணத்திலிருந்து இறங்க மறுத்தது. கெஞ்சிப் பயனில்லை என்று பிங்கிரீ போட்டிக் கம்பெனிக்கு உரிமம் கொடுக்கவைத்தார். 1895இல் புதிய கம்பெனியில் பகல் நேரத்தில் 25 சென்ட்டுக்கு 8 டிக்கெட். ஒரு பயணம் 3 சென்ட்டுக்குச் சற்று மேல். அருமையான அடி!

நவம்பர் 9
நிலம் கேட்டு வந்தவர்கள் சுமார் 3,000 பேர். கிடைத்தது 945 குடும்பங்களுக்கு. மீதிப்பேர் அந்தக் குளிர்காலத்தில் என்ன தின்றார்கள்? அடுத்த ஆண்டு குடும்பங்களின் எண்ணிக்கை 1,500ஐத் தாண்டியது என்பதும், நியூயார்க், பஃபலோ எல்லாம் பின்பற்றின என்பதும் இந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

நவம்பர் 10
மனம் சரியில்லை.

நவம்பர் 12
1897 தொடக்கத்தில் பிங்கிரீ, டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தின் ஆளுநர் ஆனார், மேயர் பதவியையும் விடவில்லை. இரண்டையும் ஒருவரே வகிக்க முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிடிவாதம் எனக்குப் புரிகிறது: டிராம் சண்டை முடியவில்லை, 1895இல் எரியத் தொடங்கிய நகரத்தின் சொந்த மின்விளக்கு நிலையத்துக்கு வயது இரண்டுகூட ஆகவில்லை. நாளை அந்த நிலையத்தின் கணக்கு.