முன்பதப்படுத்திய கூழ்: புராஜெக்டில் ஒப்பீடு சறுக்கும் இடங்கள்

காகிதக் கூழுக்கான யூகலிப்டஸ் மரச் சில்லை வெந்நீரில் முன்பதப்படுத்தி, பிறகு கிராஃப்ட் முறையில் (சோடியம் ஹைட்ராக்சைடு, சோடியம் சல்ஃபைடு கரைசலில்) வேகவைத்து, இழை எப்படி மாறுகிறது என்று பார்ப்பது நல்ல தலைப்பு. ஆனால் வைவாவில் முதல் கேள்வியே இப்படித்தான் வரும்: "முன்பதப்படுத்திய கூழும் சாதாரணக் கூழும் ஒரே கப்பா எண்ணில் இருந்தனவா?" கப்பா எண் என்பது கூழில் மிஞ்சிய லிக்னினின் (மர இழைகளை ஒட்டவைத்திருக்கும் பொருளின்) அளவைக் காட்டுவது.

முன்பதப்படுத்திய சில்லில் லிக்னின் சீக்கிரம் கரையும். இரண்டையும் 165 டிகிரியில் ஒரே நேரம் வேகவைத்தால் அதன் கப்பா கீழே போய்விடும். பிறகு இழுவலிமை குறைந்தது சைலான் (வெந்நீரில் வெளியேறும் ஹெமிசெல்லுலோஸ் வகை) போனதாலா, அதிகம் வெந்ததாலா என்று பிரிக்கவே முடியாது. எச் ஃபேக்டரை (வேகவைக்கும் வெப்பத்தையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லும் எண்) மாற்றி மூன்று நான்கு முறை வேகவைத்து, கப்பா பொருந்திய பிறகே தாள் போடுங்கள்.

கணக்கில் தவறுவது பெரும்பாலும் ஈரப்பதம். உலர் எடை 200 கிராம் வேண்டும், ஈரம் 40% என்றால் 333 கிராம் சில்லு எடுக்க வேண்டும். அதிலேயே 133 கிராம் தண்ணீர் இருக்கிறது. 4:1 (திரவம்:உலர் மரம்) விகிதத்துக்கான 800 மி.லி. திரவத்தில் அதைக் கழித்துவிடுங்கள். செயல்படு காரம் 16% (சோடியம் ஆக்சைடாக), சல்ஃபிடிட்டி (அந்தக் காரத்தில் சல்ஃபைடின் பங்கு) 25% எனில் சோடியம் ஹைட்ராக்சைடு 31 கிராம், சோடியம் சல்ஃபைடு 10 கிராம். கடையில் கிடைக்கும் சல்ஃபைடு செதில் சுமார் 60 சதவீதம்தான். டைட்ரேஷன் செய்யாமல் நம்பாதீர்கள்.

170 டிகிரி வெந்நீரில் சைலானின் அசிட்டைல் தொகுதிகள் கழன்று அசிட்டிக் அமிலமாகும். அந்த நீரை வடித்துக் கழுவாவிட்டால், அடுத்து ஊற்றும் காரத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும்.

தாள் முடிவுகளில் இழுவலிமை குறையும், பல்க் (எடைக்கு ஏற்ற பருமன்) கூடும். கூழை அரைக்கும் பி.எஃப்.ஐ. மில்லில் (30 கிராம், 10% செறிவு) அதே ஃப்ரீனஸுக்கு (கூழிலிருந்து நீர் வடியும் வேகம்) கொண்டுவர அதிகச் சுற்றுகள் தேவைப்படும். நீரை உறிஞ்சி இழையை உப்பவைத்து, இழையோடு இழையைப் பிணைக்க உதவுவது ஹெமிசெல்லுலோஸ். அதைத்தான் நாம் வெளியேற்றிவிட்டோம். "இழை குட்டையானதால்" என்று அளக்காமல் எழுதாதீர்கள். நீளம் பெரிதாக மாறுவதில்லை.

ஜீரோ ஸ்பான் சோதனையும் (பிடிகளுக்கு இடையே இடைவெளி இல்லாமல் இழுத்து, இழையின் சொந்த வலிமையைப் பார்ப்பது) போட்டுவிடுங்கள். அது மாறாமல் சாதாரண இழுவலிமை மட்டும் விழுந்தால் குறை பிணைப்பில்தான். இரண்டும் விழுந்தால் அமிலம் செல்லுலோஸ் சங்கிலியையே வெட்டியிருக்கிறது. வெந்நீர் நேரத்தைக் குறையுங்கள், சங்கிலி நீளத்தைக் காட்டும் விஸ்காசிட்டியும் பாருங்கள்.

கூழை அடுப்பில் உலர்த்தி வைத்து, பிறகு அரைப்பவர்கள் உண்டு. உலர்ந்தால் இழைச்சுவரின் நுண்துளைகள் மூடிக்கொள்ளும். திரும்ப முழுதாக உப்பாது. அதுவும் பிணைப்புக் குறைவாகவே தெரியும். ஈரமாக, 4 டிகிரியில் வையுங்கள்.