பன்னிரண்டாவது ஆள்

சிங்கப்பூருக்கு வந்த ஒன்பது ஆண்டுகளில் எனக்குச் சம்பளமில்லாத இன்னொரு வேலையும் சேர்ந்துவிட்டது. ஊரிலிருந்து யார் வந்தாலும் சனிக்கிழமை சிங்கத்தலை மெர்லயன் சிலை, ஞாயிற்றுக்கிழமை செந்தோசா கேளிக்கைத் தீவு, நடுவில் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரு வாழையிலைச் சாப்பாடு. மெர்லயனின் வாயிலிருந்து கொட்டும் தண்ணீரை உள்ளங்கையில் பிடிப்பதுபோல் நிற்க வைத்துப் படமெடுப்பதில் எனக்கு இப்போது கண்ணை மூடிக்கொண்டு கோணம் அமையும். சித்தப்பா, மச்சான், மச்சானின் பங்காளி என்று எல்லோரும் அந்தத் தண்ணீரைப் பிடித்துவிட்டார்கள்.

அம்மா இரண்டாம் முறையாக வந்திருந்தார். மெர்லயனும் செந்தோசாவும் போன முறையே முடிந்துவிட்டன. புதிதாக எங்காவது கூட்டிப்போக வேண்டும். அலுவலகத்தில் கேட்டபோது எல்லோரும் ஒரே குரலில் சொன்னது புலாவ் உபின். வடகிழக்கில் ஒரு சின்னத் தீவு, கம்போங் வாழ்க்கை இன்னும் மிச்சமிருக்கும் இடம், உயரமான கட்டடமே கிடையாது, சைக்கிளில் சுற்றலாம். கம்போங் என்றால் மலாயில் கிராமம். இந்த இடத்தில் நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கே அம்மா புளியோதரை கிளறத் தொடங்கிவிட்டார். "அத்தை, அங்கே கடைகள் இருக்கின்றன" என்று மனைவி சொன்னது தாளிப்புச் சத்தத்தில் காணாமல் போனது. எவர்சில்வர் தூக்கு நிறையப் புளியோதரை, மேலே உருளைக்கிழங்கு வறுவல், எல்லாவற்றையும் சுற்றி ஊர்த் துணிக்கடையின் மஞ்சள் பை. கைப்பையில் பாஸ்போர்ட்டையும் எடுத்து வைத்துக்கொண்டார். தீவுக்குப் படகில் போகிறோம் என்றால் அது வேறு நாடாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. சிரித்தேன். சாங்கி முனை படகுத்துறைக்குப் போனால், ஒரு பக்கம் உபினுக்குப் படகு, இன்னொரு பக்கம் மலேசியாவின் பெங்கராங்குக்குப் படகு. "பார்த்தாயா?" என்றார் அம்மா. சரியான வரிசையில்தான் நிற்கிறோமா என்று நான் இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டேன்.

உபின் படகுக்கு நேர அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும். தலைக்கு 4 வெள்ளி. இங்கே டாலரை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம். அம்மா அதைக் காதில் வாங்கும்போதே ரூபாயாக மாற்றிவிடுவார். நாங்கள் நான்கு பேர், முன்பே வந்திருந்தவர்கள் ஐந்து பேர். எம்ஆர்டி ரயில் ஒரு நிமிடம் தாமதமானாலே முகம் சுளிக்கும் ஊரில், எல்லோரும் மீதி மூன்று பேருக்காக அமைதியாகக் காத்திருந்தார்கள். அம்மாவுக்கு மட்டும் எந்த வியப்பும் இல்லை.

"நம் ஊர் ஷேர் ஆட்டோதான். என்ன, இது தண்ணீரில் போகிறது."

பத்து நிமிடப் பயணம். இறங்கியதும் தகரக் கூரை வீடுகள், தென்னை, நிழலில் படுத்திருக்கும் நாய், குறுக்கே ஓடும் கோழி. என் மகன் கோழியைப் பார்த்துக் குதித்தான். எட்டு வயது, அவன் கோழியைச் சோற்றோடு மட்டுமே பார்த்தவன். நான் கையை விரித்து, "எப்படி அம்மா இருக்கிறது?" என்றேன். அம்மா நாலாபுறமும் பார்த்தார்.

"தம்பி, நம் வீட்டுக் கொல்லையைப் பார்க்கவா திருச்சியிலிருந்து நான்கு மணி நேரம் விமானத்தில் வந்தேன்?"

அவரைக் குறை சொல்ல முடியாது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் கோழி, தென்னை, தகரக் கூரை மூன்றையும் இலவசமாகவே பார்க்கலாம். இந்தத் தீவின் பெருமையே கருங்கல்தான். இங்கே வெட்டிய கல்தான் ஜொகூருக்குப் போகும் பாலத்திலும் கலங்கரை விளக்கத்திலும் இருக்கிறது என்று எடுத்துவிட்டேன். அம்மா, "குடுமியான்மலையைவிடவா?" என்றார். அதற்குமேல் நான் வரலாறு பேசவில்லை.

சைக்கிள் கடையில் மூன்று சைக்கிள் எடுத்தேன். அம்மாவையும் மனைவியையும் வேனில் அனுப்பிவிட்டு, மகனும் நானும் ஓட்டிக்கொண்டு போவது, மூன்றாவது சைக்கிள் மனைவிக்கு ஆசை வந்தால் என்பது திட்டம். திரும்பிப் பார்த்தால் அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கடையிலிருந்த, கூடை வைத்த நான்காவது சைக்கிள் ஒன்றில் ஏறி உட்கார்ந்து மணியடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு மறந்தே போயிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஒரே காலத்தில் சைக்கிள் ஏறினார்கள். அம்மா அவர்களில் ஒருவர். அப்பாவின் சைக்கிளில் முன்னால் தண்ணீர்க் குடம், பின்னால் என்னை உட்கார வைத்து ஓட்டியவர். அந்தக் காலத்து ஆண்களின் சைக்கிளுக்கே அவர் பயப்படாதபோது இந்த ஐந்து கியர் சமாசாரம் என்ன செய்துவிடும்?

முதல் மேட்டிலேயே நான் இறங்கித் தள்ளத் தொடங்கினேன். மனைவி பாதி மேட்டில் இறங்கினாள். அம்மா மணியடித்துக்கொண்டே உச்சிக்குப் போவதையும், பின்னாலேயே என் மகன், "அப்பாயி, நில்லுங்கள்!" என்று கத்திக்கொண்டு போவதையும் கீழிருந்து பார்த்தோம். எதிரே வந்த சீனக் குடும்பம் ஒன்று நின்று கைதட்டியது. எனக்கில்லை.

தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா. கடலை நிரப்பி நிலமாக்கப் போகிறார்கள் என்று முடிவாகியிருந்த இடம்; மக்கள் திரண்டு வந்து பார்த்துக் குரல் கொடுத்ததில் 2001-இல் அந்தத் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. கடல் வற்றும் நேரத்தில் போனால் நட்சத்திர மீன், நண்டு, கடற்பஞ்சு எல்லாம் காலடியில் தெரியும் என்று மகனுக்கு ஒரு வாரமாகக் கதை சொல்லியிருந்தேன். கடல் எப்போது வற்றும் என்பதை மட்டும் பார்க்கவில்லை. கடல்மேல் போட்ட நடைபாதையில் நின்று எட்டிப் பார்த்தால் முழு ஏற்றம். தண்ணீர், தண்ணீர், அதற்குப் பின்னால் மலேசியா. "நட்சத்திரம் பகலில் எப்படியப்பா தெரியும்?" என்று மனைவி மகனைத் தேற்றினாள். அம்மாதான் அவனை அலையாத்திக் காட்டுப் பக்கம் கூட்டிப்போய், சேற்றில் தத்தித் தத்தி நடக்கும் மீன்களைக் காட்டினார். முத்துப்பேட்டையில் பார்த்திருக்கிறாராம்.

பசித்தது. சைக்கிள் நிறுத்துமிடத்துக்குத் திரும்பினோம். அம்மாவின் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு காட்டுப்பன்றி, மூக்கில் மஞ்சள் பை. இரண்டு குட்டிகள் தூக்கை உருட்டிக்கொண்டிருந்தன. மூடி எப்போதோ கழன்றுவிட்டது. புளியோதரையைத் தாய்ப்பன்றி தின்ற நிதானத்தைப் பார்த்தால், உப்புப் புளி எல்லாம் சரியாக அமைந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

மகன் அங்கிருந்த எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துவிட்டு வெளிறிப்போனான். வனவிலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் என்று அவனுக்குப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அதையும் அம்மா உடனே ரூபாயாக்கினார். மூன்று லட்சத்துக்கு மேல்.

"நான் எங்கே கொடுத்தேன்? அதுவாகத்தானே எடுத்துக்கொண்டது!"

"சரி அம்மா, தூக்கை விட்டுவிட்டுப் போய்விடலாம்."

"எப்படி விடுவது? அது என் கல்யாணச் சீர். என் பெயர் வெட்டியிருக்கிறது."

என் வயிற்றைக் கலக்கியது அப்போதுதான். தடயத்தில் குற்றவாளியின் பெயர், தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு! பன்றிகள் தின்று முடித்து, தூக்கை நக்கித் துடைத்து, காட்டுக்குள் போகும்வரை இருபது நிமிடம் நால்வரும் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றோம். பிறகு நான் ஓடிப்போய்த் தூக்கை எடுத்துவந்தேன். மூடி கிடைக்கவில்லை. அதில் பெயர் இல்லை என்று அம்மா உறுதியளித்தார்.

கிராமத்துக் கடையில் ஆளுக்கொரு இளநீரும் நூடுல்ஸும். விலையை அம்மாவிடம் சொல்லவில்லை.

மாலை படகுத்துறையில் பதினோரு பேர் இருந்தோம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், கால் மணி நேரம். படகுக்காரர் கைப்பேசியில் மூழ்கியிருந்தார். தூரத்தில் தொப்பி போட்ட சீனப் பெரியவர் ஒருவர் நின்று நின்று, கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அம்மா எழுந்தார். மூடியில்லாத தூக்கை உயர்த்திப் பிடித்து ஆட்டிக்கொண்டே, புதுக்கோட்டைப் பேருந்து நிலையமே திரும்பிப் பார்க்கும் குரலில், "ஒரு ஆள்தான்! ஒரே ஒரு ஆள்தான்!" என்றார்.

பெரியவருக்கு என்ன புரிந்ததோ, ஓட்டமாக வந்து ஏறினார். படகு கிளம்பியது. நடுக்கடலில் படகுக்காரர் வரிசையாகக் காசு வாங்கிக்கொண்டு வந்தார். என்னிடம் மூன்று பேருக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி நான்கு வெள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அம்மாவைப் பார்த்து ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார்.