கண்ணுக்குத் தெரியாத 10 மைக்ரோகிராம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து லேபில் சேர்ந்த முதல் வாரம் என் கையில் ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்தார்கள். மனித இன்டர்லூக்கின்-10, 10 மைக்ரோகிராம் என்று லேபிளில் இருந்தது. உடம்பில் அழற்சியை அடக்கும் புரதம் அது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லாதது போலிருந்தது. மூடியைத் திருகப் போனபோது பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் அக்கா குரல் கொடுத்தார்: "திறக்காதே மா, முதல்ல சுத்து."

குப்பியில் இருந்தது உறையவைத்து உலர்த்திய புரதம். வழியில் குலுங்கி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கலாம். சென்ட்ரிஃப்யூஜில் அரை நிமிடம் சுற்றினால் அடியில் வந்து சேரும். சுற்றாமல் திறந்தால், பல வாரம் காத்திருந்து வரவழைத்த பொருள் மூடியோடு போய்விடும், போனதுகூடத் தெரியாது.

அக்கா டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்ததில் தொடங்கி, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த காலத்தில் வந்த குடும்பம். அவர் பேசும் தமிழ், பாட்டியிடம் கேட்டுக் கற்றது. பேச்செல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் பிப்பெட் கையில் இருக்கும்போது மட்டும் தமிழ் வந்துவிடும்: சுத்து, மெதுவா, போதும். திருநெல்வேலியிலிருந்து வந்த எனக்கு அந்த மூன்று சொல்லும் பெரிய ஆறுதல்.

நாங்கள் பார்த்தது எளிய சோதனைதான். இரத்தத்திலிருந்து மோனோசைட் என்ற வெள்ளை அணுக்களைப் பிரித்து, பாக்டீரியாச் சுவரிலுள்ள எல்.பி.எஸ். என்ற பொருளைச் சேர்த்தால், செல்கள் கிருமி வந்துவிட்டது என்று நினைத்து டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைக் கொட்டும். முன்கூட்டியே இன்டர்லூக்கின்-10 சேர்த்திருந்தால் அந்தக் கொட்டல் வெகுவாகக் குறையும். 1989இல் இதைக் கண்டுபிடித்தவர்கள் முதலில் வைத்த பெயரே, மற்ற சைட்டோகைன்களின் (செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் புரதங்களின்) உற்பத்தியைத் தடுக்கும் காரணி என்பதுதான். காசநோய் அதிகமுள்ள இந்த ஊரில் அது வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை. இந்தப் புரதம் அதிகமானால் கிருமியைக் கொல்லும் செல்கள் தளர்ந்துபோகும். குறைந்தால் அழற்சியே நுரையீரலைத் தின்னும். அந்த அளவு எங்கே நிற்கிறது என்பதைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம்.

முதல் வாரம் டி.என்.எஃப். நன்றாகக் குறைந்தது. அடுத்த வாரம் ஏதோ கொஞ்சம். மூன்றாவது வாரம் புரதம் போட்ட கிண்ணத்துக்கும் போடாததற்கும் வித்தியாசமே இல்லை. ஆளுக்கு ஆள் செல்கள் மாறும், இரத்தம் கொடுத்தவர்கள் வேறு வேறு ஆட்கள், அதனால்தான் என்று நோட்டில் எழுதி வைத்தேன். எழுதும்போது அதை முழுதாக நம்பினேன்.

அக்கா நோட்டைப் புரட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "கரைச்சதை எதுல வச்சே?"

முதல் கரைசலைச் சரியாகத்தான் செய்திருந்தேன். 100 மைக்ரோலிட்டரில் கரைத்து, பத்துப் பத்தாகப் பிரித்து, மைனஸ் 80 ஃப்ரீசரில் வைத்திருந்தேன். ஆனால் ஒன்றை எடுத்து இன்னும் நீர்க்க வைத்தபோது வெறும் உப்புக் கரைசலில் கலந்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று வாரமும் அதையே எடுத்திருக்கிறேன். புரதம் அவ்வளவு குறைவாக இருக்கும்போது பிளாஸ்டிக் ட்யூபின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். துணைக்கு ஆல்புமின் போன்ற வேறொரு புரதம் நிறைய இருந்தால், சுவரில் அது ஒட்டிக்கொண்டு நம்முடையதைத் தண்ணீரில் விட்டுவிடும். நான் அதைப் போடவில்லை. மூன்றாவது வாரம் செல்களுக்குப் போனது கிட்டத்தட்ட வெறும் உப்புத் தண்ணீர்.

ஒரே நாளில், ஒரே ஆளின் செல்களில், பழைய கரைசல், ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஆல்புமினோடு கலந்தது, புரதமே இல்லாத பஃபர் (கரைக்கப் பயன்படுத்தும் திரவம்) என்று மூன்றையும் வைத்துப் பார்த்தோம். டி.என்.எஃப். அதிகமிருந்தால் மஞ்சளாகும் எலிசா சோதனைத் தட்டில் புதுக் கரைசலின் வரிசை வெளிறி நின்றது. மற்ற இரண்டும் நல்ல மஞ்சள். யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

குப்பியின் விலை பெரிதுதான், ஆனால் எனக்கு வலித்தது அது இல்லை. அந்த மூன்று வாரத்தில் நான்கு பேர் வந்து கையை நீட்டியிருந்தார்கள். ஒருவர் விடியற்காலையில் இரண்டு மினிபஸ் டாக்சி மாறி வந்தவர். அவருடைய இரத்தத்தில் நான் உப்புத் தண்ணீரைச் சோதித்து, பழியை அவருடைய செல்கள் மேல் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தை அடித்துத் திருத்தி, கீழே காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் அக்கா இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். இந்தப் புரதத்தைப் பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவில்தான் வளர்க்கிறார்கள். எல்.பி.எஸ். அந்தப் பாக்டீரியாவின் சுவரிலேயே இருப்பது. சுத்திகரிப்பில் கொஞ்சம் மிஞ்சினால், தீயை அணைக்கக் கொண்டுபோகும் தண்ணீரிலேயே எண்ணெய் கலந்திருக்கும். அதனால் சான்றிதழில் எண்டோடாக்சின், அதாவது எல்.பி.எஸ்., அளவைப் பார்க்காமல் எதையும் தொடுவதில்லை. கொதிக்கவைத்த புரதத்தையும் ஒரு கிண்ணத்தில் போட்டு வைப்போம். சூட்டில் புரதம் கெட்டுவிடும், எல்.பி.எஸ். லேசில் கெடாது. எல்.பி.எஸ். சேர்க்காத அந்தக் கிண்ணத்திலும் செல்கள் கொதித்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

ஆடி மாதக் கூழ் பூஜைக்கு அக்கா என்னையும் மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார். அங்கே அவருடைய அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்: "வீக்கத்தை அடக்குற மருந்தாமே, எனக்குக் கொஞ்சம் கொண்டாரக் கூடாதா?" பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டி, இது மருந்து இல்லை, ஆய்வுக்கு மட்டும் என்று குப்பியிலேயே எழுதியிருக்கிறது என்றேன். குடல் அழற்சி நோயான கிரோனுக்கு இந்தப் புரதத்தை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள், எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. உடம்புக்குள் இது வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் சுரக்கிறது. வெளியிலிருந்து ஊற்றினால் அப்படி நடப்பதில்லை. பாட்டி தலையாட்டிவிட்டு என் கிண்ணத்தில் இன்னும் ஒரு கரண்டி கூழ் ஊற்றினார்.

லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு மோசமாக இருந்த 2023இல் ஃப்ரீசர் அலாரம் அடித்து இரண்டு முறை ராத்திரியில் ஓடியிருக்கிறோம். கதவைத் திறக்காமல் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை நிற்பதுதான் வேலை. ஒருமுறை உருகி உறைந்தாலே புரதத்தின் வீரியம் குறையலாம். அதனால் ஒரு ட்யூபை ஒரே ஒரு முறைதான் எடுப்போம். மிச்சம் இருந்தாலும் திரும்பி ஃப்ரீசருக்குப் போகாது.

இந்த வாரம் அதே புரதத்தின் புது லாட் (தயாரிப்புத் தொகுதி) வந்திருக்கிறது. பழைய லாட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அதை யாருக்கும் தர மாட்டேன். ஆல்புமின் கலந்த பஃபரை வடிகட்டித் தேதி போட்டு வைத்தாயிற்று. காலை எட்டு மணிக்கு இரத்தம் கொடுப்பவர் வருகிறார்.