"எங்கே போரடிக்குது?": மூன்று எடிட், பன்னிரண்டு பார்வையாளர், ஒரு மாணவர் பாட்டு வீடியோ

மாணவர் புராஜெக்ட்டாக ஒரு பாட்டுக்கு வீடியோ எடுத்து, மூன்று முறை எடிட் செய்து, ஒவ்வொன்றையும் ஆட்களுக்குப் போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்டோம். பாட்டின் நீளம் 3 நிமிடம் 36 விநாடி. வேகம் 100 பி.பி.எம். (நிமிடத்துக்கு 100 தாள அடி), படம் விநாடிக்கு 25 பிரேம். இந்த இரண்டு எண்ணும் அழகாகப் பொருந்தும்: ஓர் அடிக்கு 0.6 விநாடி, அதாவது சரியாக 15 பிரேம். நாலு அடி சேர்ந்த ஒரு பார் 60 பிரேம், பாட்டு முழுக்க 90 பார். இதே பாட்டு 96 பி.பி.எம். ஆக இருந்தால் ஓர் அடிக்கு 15.625 பிரேம் வரும், ஒவ்வொரு வெட்டும் அடியை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். அப்படிப்பட்ட பாட்டுக்கு விநாடிக்கு 24 பிரேமில் எடுப்பது நல்லது, கணக்கு மறுபடி 15 ஆகிவிடும்.

முதல் எடிட்டில் 118 ஷாட். புராஜெக்ட்டோடு கருத்துக் கேட்ட பதிவையும், அதை வைத்து என்ன மாற்றினோம் என்ற பதிவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கீழே இருப்பது அந்தப் பதிவின் உபயோகமான பகுதி.

ஆட்களைப் பங்கிடுவது

ஒருவர் ஒரு வீடியோவை முதல்முறையாகப் பார்ப்பது ஒரே ஒரு தடவைதான். பன்னிரண்டு பேர் கிடைத்தார்கள் என்று எல்லோருக்கும் முதல் எடிட்டையே காட்டிவிட்டால், இரண்டாவது எடிட்டில் கதை புரிகிறதா என்று சோதிக்க ஆள் இருக்காது. அதனால் எடிட்டுக்கு நாலு பேர். படப்பிடிப்பில் இருந்தவர்கள் கணக்கில் இல்லை. அவர்களுக்கு எது என்ன என்று முன்பே தெரியும்.

முதல் தடவை நிறுத்தாமல், பேசாமல், திரையில் எண் எதுவும் இல்லாமல் ஓடவிட வேண்டும். எடிட்டர் பக்கவாட்டில், பார்ப்பவர் முகம் தெரியும்படி உட்கார்ந்து, கண் திரையை விட்டு விலகும் நேரத்தைக் குறித்துக்கொள்வார். முடிந்ததும் ஒரே கேள்வி: "என்ன நடந்துதுன்னு சொல்லுங்க." "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் "சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதை வைத்து ஒரு பிரேமைக்கூட நகர்த்த முடியாது. இரண்டாவது தடவை மூலையில் டைம்கோட் (ஓடும் நேரத்தைக் காட்டும் எண்) பதித்த காப்பியைப் போட்டு, நெருடும் இடத்தில் கையைத் தூக்கச் சொல்ல வேண்டும்.

எந்த இடம் சரியில்லை என்று பார்ப்பவர் சொன்னால் அநேகமாக அது சரியாகத்தான் இருக்கும். ஏன் சரியில்லை, என்ன செய்யலாம் என்று அவர் சொல்வது அநேகமாகத் தப்பாக இருக்கும். மூன்று எடிட்டிலும் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க முடிந்தது.

"இன்ட்ரோ ரொம்ப நீளம், வெட்டுங்க"

முன்னிசை 24 விநாடி, 10 பார். குறும்படமாக இருந்தால் வெட்டிவிடலாம். பாட்டு வீடியோவில் நீளத்தைப் பாட்டு முடிவு செய்துவிட்டது, வெட்டுவதற்கு வழியே இல்லை. குறிப்பைப் பார்த்தால் கண்கள் விலகத் தொடங்கியது 0:11இல். அதுவரை வந்தவை: காலி வராந்தா, படிக்கட்டு, ஜன்னல். அதற்குப் பிறகும் இடங்களைக் காட்டும் ஷாட்டே நாலு. மூன்றாவது ஷாட்டுக்கு மேல் புதுத் தகவல் எதுவும் இல்லை.

செய்த மாற்றம் ஒன்றுதான். ஐந்தாவது பாரின் முதல் அடியில், அதாவது 0:09.6இல், நாயகன் முகம் நெருக்கமாக இரண்டு பாருக்கு. முன்னிசையின் நீளம் அப்படியே இருக்கிறது. இரண்டாம் குழுவில் ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசவில்லை.

"இரண்டாவது சரணம் இழுக்குது" என்பதும் இதே ரகம். வேகமாக வெட்டிப் பார்த்தது பலன் தரவில்லை. காரணம் முதல் சரணத்தில் இருந்தது: மொட்டைமாடி ஷாட்களில் நன்றாக வந்தவை எல்லாமே அங்கேயே செலவாகியிருந்தன, இரண்டாவதற்கு மிஞ்சியது அதே இடத்தின் மீதி. முதல் சரணத்திலிருந்து நாலு ஷாட்டைப் பிடுங்கி இரண்டாவதற்கு வைத்ததும் இழுவை போனது. முதல் சரணத்தில் எதுவும் குறைந்ததாக யாருக்கும் படவில்லை.

உதடு சேரவில்லை

அதிக நேரம் தின்ற புகார் இது. ஒருவர் "முழுக்கவே சேரலை" என்றார், மற்ற இருவர் குறிப்பிட்ட இடங்களைக் காட்டினார்கள். "முழுக்க" என்றவர் ப்ளூடூத் இயர்போனில் பார்த்தவர். ப்ளூடூத் ஒலியை 100 முதல் 200 மில்லிவிநாடி வரைகூடத் தாமதப்படுத்தலாம்; சில ப்ளேயர்கள் அதை ஈடுகட்டும், சில ஈடுகட்டாது. ஒயர் இயர்போனில் மறுபடி போட்டதும் அவருடைய புகாரும் இரண்டே இடத்துக்குச் சுருங்கியது. அடுத்த குழுவிலிருந்து ஒயர் இயர்போன் கட்டாயம்.

மீதி இருந்த இரண்டு இடத்துக்கும் காரணம் வேறு வேறு.

1:12இல் உள்ள தூர ஷாட்டில் ஸ்பீக்கர் கேமரா பக்கத்தில், பாடகர் 14 மீட்டர் தள்ளி. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும் என்பதால் 14 மீட்டர் கடக்க 41 மில்லிவிநாடி, ஏறக்குறைய ஒரு பிரேம். கேமரா மைக்கில் பதிந்த ஒலியை வைத்து டைம்லைனில் (எடிட் மென்பொருளில் ஷாட்களை வரிசையாக அடுக்கும் பட்டையில்) பொருத்தினால் மென்பொருள் கணக்குச் சரி, உதடு மட்டும் ஒரு பிரேம் பின்தங்கும். ஷாட் முழுக்க ஒரே அளவு பிசகு இருந்தால் தூரத்தைச் சந்தேகிக்கலாம். இதற்குப் படத்தை ஒரு பிரேம் இடப்பக்கம், அதாவது முன்னதாக, நகர்த்தினால் போதும்.

2:31இல் உள்ளது செல்போனில் எடுத்த டேக். தொடக்கத்தில் சேர்ந்திருந்து, போகப்போக விலகியது. செல்போன்கள் பெரும்பாலும் பிரேம் ரேட்டை வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டே பதியும். டைம்லைனுக்குள் கொண்டுவரும் முன் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான பிரேம் ரேட்டுக்கு மாற்றியதும் விலகல் நின்றது. முதலிலேயே 25ஐப் பூட்டி எடுக்கும் ஆப்பில் எடுத்திருந்தால் இந்த வேலையே இல்லை. 30இல் எடுத்ததை 25ஆக்கினால் கேமரா அசைவில் ஒரு திக்கல் தெரியும், இந்த டேக்கிலும் லேசாகத் தெரிகிறது.

சரிபார்க்க ஒரு கைவழி: வரியில் ப, ம வரும் இடங்களைத் தேடுங்கள். இரண்டுக்கும் உதடு மூடித்தான் ஆக வேண்டும். "ப்ப" வரும் இடத்தில் ஒலி அலை ஒரு கணம் தட்டையாகி, பிறகு குத்தென எழும். அது எழும் பிரேமில் உதடு திறக்க வேண்டும். "அ", "ஆ" போன்ற உயிரொலிகளை வைத்துப் பார்த்தால் இரண்டு பிரேம் பிசகுகூடப் பிடிபடாது.

எந்தப் பக்கம் நகர்த்துவது என்று குழம்பினால், ஒலி பிந்துவது பரவாயில்லை. ஐ.டி.யு.வின் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பி.டி.1359 பரிந்துரைப்படி, ஒலி முந்தினால் சுமார் 45 மில்லிவிநாடியிலேயே கவனத்துக்கு வந்துவிடும். பிந்தினால் சுமார் 125 வரை தெரியாது. எட்டத்தில் துணி துவைப்பதைப் பார்க்கும்போது சத்தம் பிந்தித்தானே வருகிறது, கண்ணுக்கு அது பழக்கம்.

வாட்ச் கதை

ஒரே ஆளின் இரண்டு வயது என்பதுதான் கதை. முதல் குழுவில் மூன்று பேர் "அப்பாவும் மகனும்" என்றார்கள். அடையாளத்துக்கு வைத்திருந்தது கண்ணாடி விரிசல் விட்ட ஒரு கைக்கடிகாரம். சிறுவன் கையிலும் அதே விரிசல், பெரியவர் கையிலும் அதே விரிசல். "ஒரு கார்டு போடுங்க, 20 வருஷம் கழித்துன்னு" என்பது அவர்கள் சொன்ன வைத்தியம்.

கார்டு போடவில்லை. வாட்ச் ஷாட் 20 பிரேம்தான் இருந்தது, அதுவும் பல்லவியின் உச்ச வரி பாடும்போது. வார்த்தை ஓடும்போது காது வரியைப் பிடித்துக்கொண்டு போகிறது, சின்னப் பொருளைக் கண் கவனிப்பதில்லை. ஷாட்டை 45 பிரேமாக, அதாவது மூன்று அடியாக நீட்டி, குரலே இல்லாத இடையிசைக்கு மாற்றினோம். இரண்டாம் குழுவில் மூன்று பேர் சரியாகச் சொன்னார்கள். நாலாமவர் விரிசலைப் பார்த்தும் "அப்பாவோட வாட்ச்" என்றார். இரண்டு ஷாட்டிலும் கட்டைவிரல் அருகே ஒரே தழும்பு தெரியும்படி, பெரியவர் கையை மட்டும் மறுபடி எடுத்துச் சேர்த்தது மூன்றாம் எடிட்.

விவாதமே இல்லாமல் மாற்றியவை

இடையிசையில் ஐந்து பிரேமுக்கு ஒரு வெள்ளைப் பிரேம், அதாவது விநாடிக்கு ஐந்து மின்னல். "தலை சுத்துது" என்று ஒரே ஒருவர்தான் சொன்னார். ஆனால் இது ருசி சம்பந்தப்பட்டது இல்லை. வலிப்பு அபாயம் கருதி விநாடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் கூடாது என்பது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையதளங்களுக்கு வகுத்த அணுகல் விதிகளில் உள்ள வரம்பு. அடிக்கு ஒன்றாகக் குறைத்ததும் விநாடிக்கு 1.67 ஆனது, பாட்டோடும் ஒட்டியது.

இரவுக் காட்சி செல்போனில் வெறும் கறுப்பாகத் தெரிந்தது. எடிட் செய்த அறை இருட்டு, மானிட்டர் முழு வெளிச்சம், அதனால் எடிட்டர் கண்ணுக்குத் தப்பியது. வேவ்ஃபார்மில் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தில்) 15ஐ ஒட்டிக் கிடந்த முகத்தை 30 வரை தூக்கி, பின்னணியை அப்படியே விட்டாயிற்று. பாதி வெளிச்சத்தில் வைத்த போனில், பகலில் பார்த்துச் சரிபார்த்தது.

"மிஷின் மாதிரி இருக்கு" என்ற கருத்துக்குக் காரணம் எல்லா வெட்டும் அச்சுப் பிசகாமல் அடியிலேயே விழுந்தது. பல்லவியில் மட்டும் அப்படி விட்டு, சரணத்தில் அசைவு முடியும் இடத்துக்கு வெட்டை மாற்றினோம். அடியில் விழுபவற்றையும் இரண்டு பிரேம் முன்னால் இழுத்தோம். ஷாட் எண்ணிக்கை 118இலிருந்து 96ஆனது.

ஏற்காதவை

"கடைசியில டான்ஸ் வைங்க" என்பதற்கு எடுத்த காட்சியே இல்லை, பதிவில் எழுதியதோடு சரி. 2:05இல் ஒருவர் "வேகம் ஜாஸ்தி", இன்னொருவர் "ஸ்லோ" என்றார். ஒன்றுக்கொன்று முரண் என்று தள்ளிவிடத் தோன்றும். இருவரும் கையைத் தூக்கியது ஒரே ஷாட்டில் என்பதால் இரண்டு ஷாட்டின் வரிசையை மாற்றிப் பார்த்தோம். மூன்றாம் குழுவில் இருவர் இன்னும் அங்கேயே கண்ணை விலக்குகிறார்கள், காரணம் பிடிபடவில்லை. அந்த இடத்துக்கு மாற்று டேக் எதுவும் ஹார்ட் டிஸ்க்கில் இல்லை.