எட்டாம் பக்கத்தில் இருந்த ஒரு வரி

சான் பிரான்சிஸ்கோ பக்கத்து ஊரான சான் மாட்டியோவில் குடியிருக்கிறவர்களுக்கு விமானச் சத்தம் பழகிப்போன விஷயம். வளைகுடாத் தண்ணீருக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக சான் பிரான்சிஸ்கோவில் இறங்கப் போய்க்கொண்டே இருக்கும். அதே வழியில் 2017 ஜூலை 7, நள்ளிரவுக்கு நான்கு நிமிடம் இருக்கையில் வந்து, மோதலிலிருந்து நூலிழையில் தப்பிய ஏர் கனடா 759 விமானத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். நான் விமானத்துறை ஆள் இல்லை, ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ். ஆனால் அந்த விசாரணை அறிக்கையைப் படிக்கப் படிக்க எங்கள் வார்டுதான் கண்முன் வந்தது.

டொரண்டோவிலிருந்து 140 பேரோடு வந்த ஏர்பஸ் ஏ320. ‘28 வலது’ என்ற ரன்வேயில் இறங்க அனுமதி கொடுத்திருந்தார்கள். இணையாக இருக்கும் 28 இடது ரன்வேயை வேலைக்காக மூடி, விளக்குகளை அணைத்திருந்தார்கள். பைலட்டுகள் எதிர்பார்த்ததோ இரண்டு ரன்வே. அதனால் விளக்கு எரிந்த 28 வலதை இடது என்று எடுத்துக்கொண்டு, அதற்கும் வலப்பக்கம் இருந்த டாக்ஸிவேக்கு (ரன்வேக்குப் போக விமானங்கள் ஊர்ந்து செல்லும் பாதை) நேராக இறங்கினார்கள். அங்கே கிளம்பக் காத்து நான்கு விமானங்கள் வரிசையில் நின்றன, ஆட்களும் எரிபொருளுமாக.

சந்தேகம் வராமல் இல்லை. ரன்வேயில் ஏதோ விளக்குகள் தெரிகின்றன, இறங்கலாமா என்று விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரில் கேட்டார்கள். டவரில் அப்போது எல்லா வேலையையும் ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தார். 28 வலதில் உங்களைத் தவிர யாருமில்லை என்றார். உண்மைதான். ஆனால் கேட்டவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது 28 வலதை அல்லவே! ‘இந்த மருந்து கொடுக்கலாம்தானே?’ என்று பேஷன்ட் பெயர் சொல்லாமல் யாராவது கேட்டால் நான் இப்போதெல்லாம் பதில் சொல்வதே இல்லை. யாருக்கு, எந்தப் படுக்கை என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் மற்றது.

வரிசையில் முதலில் நின்ற யுனைடெட் பைலட் ரேடியோவில், இந்த ஆள் எங்கே போகிறார், டாக்ஸிவே மேல் வருகிறாரே என்றார். இரண்டாவதாக நின்ற பிலிப்பைன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் தங்கள் விளக்குகளைப் போட்டார்கள். ஏர் கனடா விமானம் முதல் விமானத்தை, தரையிலிருந்து 100 அடி உயரத்தில் கடந்தது. பைலட்டுகள் தாங்களாகவே மேலே ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். டவரின் உத்தரவு அதற்குப் பிறகுதான் வந்தது. ஏறுவதற்கு முன் இறங்கிய குறைந்தபட்ச உயரம் சுமார் 60 அடி. இரண்டாவதாக நின்றது ஏ340 என்ற பெரிய விமானம், அதன் வாலின் உயரமே 55 அடி. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. ஐந்து விமானங்களிலும் சேர்த்து ஆயிரம் பேருக்கு மேல்.

ரன்வே மூடிய செய்தி அவர்களிடம் இல்லாமலா? இருந்தது. பைலட்டுகளுக்குத் தந்த 27 பக்கக் காகிதக் கட்டின் எட்டாம் பக்கத்தில். புதிது என்று சிவப்பில்கூடப் போட்டிருந்தது. தேவைப்பட்ட நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அப்போதைய தலைவர் ராபர்ட் சம்வால்ட் இத்தகைய அறிவிப்புகளை, யாரும் கவனிக்காத குப்பை என்றே சொன்னார். அவர் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம். ஒருவர் உயிர் ஒரு வரியில் இருக்கிறது என்றால் அந்த வரி முதல் பக்கத்தில், முதலில் இருக்க வேண்டும். டியூட்டி மாறும்போது அலர்ஜியை முதலில் சொல்லிவிட்டுத்தான் நாங்கள் மற்றதைப் பேசுகிறோம்.

களைப்பும் சேர்ந்துகொண்டது. கேப்டன் தூங்கி எழுந்து 19 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. டொரண்டோ கணக்கில் அப்போது விடிகாலை மூன்று மணி. அந்த நேரத்தில் கண் எதிர்பார்த்ததைத்தான் பார்க்கும், எனக்குத் தெரியும். சில நிமிடம் முன்னால் இறங்கிய டெல்டா பைலட்டுகளுக்கும் அதே குழப்பம் வந்தது, ரன்வேக்கு நேராக வருகிறோமா என்று காட்டும் கருவியைப் பார்த்து உறுதி செய்துகொண்டார்கள். ஏர் கனடா விமானத்தில் அந்தக் கருவிக்கான அலைவரிசையைக் கையால் வைக்க வேண்டும். விட்டுப்போயிற்று.

பக்கத்து ரன்வே மூடியிருந்தால் இரவில் கண்ணை மட்டும் நம்பி இறங்க சான் பிரான்சிஸ்கோவில் இப்போது அனுமதி இல்லை. நல்லது. எனக்கு ஆறாதது வேறு. மறுநாள் அந்த விமானம் மறுபடி பறந்தது. இரண்டு மணி நேரம் மட்டும் பதியும் கருவியில் முந்தைய இரவின் காக்பிட் பேச்சு அழிந்துபோனது. அந்தக் கடைசி நிமிடத்தில் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று விசாரித்தவர்களால் கேட்க முடியவில்லை. புது விமானங்களில் 25 மணி நேரம் பதிய வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 2024-ல்தான்.